நடுப்பாறை

அக்காவை வேலையிடத்தில் தொப்பியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கடற்பாறையில் தொப்பியைக் கவிழ்த்த மாதிரி ஒட்டிக்கிடக்கும் லிம்பெட் நத்தைகளை வகை பிரிப்பது அவள் வேலை. அருங்காட்சியகத்தின் பின்பக்கம், ஜன்னல் திறக்க வராத ஓர் அறையில், ஓடுகள் நிறைந்த இழுப்பறைகளுக்கு நடுவே குனிந்து குனிந்தே முதுகைத் தேய்த்துவிட்டாள்.

பார்க்க எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் உச்சியில் துளை உள்ளது ஒரு குடும்பம். ஓட்டுக்குள் சின்னத் தட்டு வைத்திருப்பது வேறொன்று. காற்றைச் சுவாசிப்பதும் உண்டு, அதன் ஓடு ஒரு பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். இவற்றுக்குள் நெருங்கிய உறவே கிடையாது. அலையின் அடியைத் தாங்க, தனித்தனியே இந்தக் கூம்பு வடிவத்துக்கு வந்து சேர்ந்தவை. "மூஞ்சியைப் பார்த்துச் சொந்தம் கொண்டாடாதே, கவுத்துப் போட்டு உள்ளே பாரு" என்பாள் அக்கா.

அப்படிப்பட்டவள்தான் ஏமாந்தாள்.

பாறையின் மேல்மட்டத்தில் உயரமாக, தடித்த வரிகளோடு ஒன்று. கீழே தண்ணீரோரம் தட்டையாக ஒன்று. கீழே இருப்பதற்கு எவரோ முன்பே பெயர் வைத்திருந்தார். மேலே இருப்பது புதிய இனம் என்று அக்கா கட்டுரை எழுதினாள். அவள் வைத்த பெயர் என்று உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான். இப்போது பரிசோதனைக் கூடத்துப் பெண் மரபணுவைப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றே என்கிறாள். புதிய பட்டியல் அச்சுக்குப் போக வேண்டும். அக்காவின் இனத்தை வைப்பதா எடுப்பதா என்று அவள் வாயால் கேட்கக் காத்திருந்தார்கள்.

"கூடத்துல மாதிரி ஓடுங்க மாறிக் கலந்து போயிருந்தா?" என்று அக்கா சாப்பாட்டை அளைந்தபடி கேட்டாள்.

பஸ் ஓட்டிவிட்டு அலுத்து வந்திருந்த மாமா தலையைத் தூக்கவில்லை. "அந்த நத்தைக்கே இந்தக் கவலை இல்லம்மா."

"உங்க பஸ்ஸு இல்லவே இல்லைன்னு ஒருத்தி சொன்னா சும்மா இருப்பீங்களா?"

"நிம்மதியா வீட்ல தூங்குவேன்."

விடுமுறையன்று அந்தக் கடற்பாறைக்குப் பை தூக்க என்னை அழைத்துப் போனாள். நான் இந்த ஊருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. வழுக்கி விழுந்தால் யாரைக் கூப்பிடுவது, எலும்பு முறிவுக்கு இவர்கள் பாஷையில் என்ன வார்த்தை என்று யோசித்தபடியே நடந்தேன்.

"அக்கா, தண்ணி ஏறுது."

"இறங்குதுடா. நீ பஸ்ல இருந்தே ஏறுதுன்னுதான் சொல்லிட்டு வர்றே."

பாறையின் ஓரமாகச் சிமெண்ட் படி இருந்தது. மேலே நத்தைகளைப் பொறுக்கியதும், அருங்காட்சியகத்துக்காரர்கள் அதில் இறங்கி நேரே தண்ணீரோரம் போய்விடுவார்களாம்.

"அப்போ நடுவுல?" என்று கேட்டேன்.

அக்கா நின்றுவிட்டாள்.

"நடுவுல பாசி. கால் வைக்க முடியாது. யாரும் போனதில்லை." குனிந்து பாசியைப் பார்த்துவிட்டு, "நானும்தான்" என்றாள்.

பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, உட்கார்ந்த வாக்கிலேயே பாசிக்குள் சறுக்கி இறங்கினாள். எனக்கு உயிரே போய்விட்டது. பாசியை விலக்கி ஒவ்வோர் ஓடாக விரலால் தடவினாள். உயரம். கொஞ்சம் குறைந்த உயரம். அரைகுறை. இன்னும் கீழே, கிட்டத்தட்ட தட்டை. வரிகளும் அப்படியே மெல்ல மெல்லத் தேய்ந்து மறைந்தன. வெயிலில் காய்கிற இடம் விட்டு ஈரத்தை நோக்கி இறங்க இறங்க, ஒரே நத்தைதான் தாழ்ந்துகொண்டே போயிருக்கிறது.

"எங்கடா கோடு போடறது? நீயே சொல்லு."



ஈரக் கையோடு பரிசோதனைக் கூடத்துப் பெண்ணுக்குப் போன் போட்டாள். "ஒண்ணுதாம்மா. எடுத்துடு." அந்தப் பெண் ஆறுதலாக ஏதோ சொல்ல ஆரம்பித்திருக்க வேண்டும். "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

"பேரு போயிடுமாக்கா?"

"போகாது. முதல்ல வெச்ச பேரு நிக்கும். அதுக்குக் கீழே சின்ன எழுத்துல என்னோடது இருக்கும், இதுவும் அதேதான்னு."

கையை நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டாள், ஆனால் எழவில்லை.

"இருடா. கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்."