புடலம்பந்தலில் மூன்று நாள்

நான்காம் வகுப்பில் படித்தபோது, பள்ளிக்கூடத்துக் காலை வணக்க வரிசையில் முதல் ஆள் நான்தான். படிப்பைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் விளையாட்டு வாத்தியார் உயரப்படி நிற்க வைப்பார்; வகுப்பில் என்னைவிடக் குட்டையாக ஒருவரும் இல்லை. முன்னால் நிற்பவளின் கஷ்டம் பின்னால் நிற்கிறவர்களுக்குத் தெரியாது. கொட்டாவி விட்டால் தலைமையாசிரியர் பார்ப்பார். கொசு கடித்தால் சொறிய முடியாது. கடைசியில் நிற்கும் நெட்டைப் பெண்களோ புளியங்காயைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டே பாடுவார்கள். அந்த வருடம் எனக்கு வேறு ஆசையே கிடையாது. எப்படியாவது நான்கு பேரைத் தாண்டிப் பின்னால் போய்விட வேண்டும்.

காலாண்டுப் பரீட்சை லீவுக்கு என்னைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள். நாங்கள் இருந்தது ராஜபாளையத்தில். சித்தப்பாவும் சித்தியும் மம்சாபுரத்துக்கு வெளியே, ஐம்பது சென்ட் தோட்டத்தின் ஓரத்தில், ஒரு சின்ன ஓட்டு வீட்டில் இருந்தார்கள். அவர்கள் அங்கே போய் ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதுவரை அப்பா வேலை பார்த்த நூல் மில்லில்தான் சித்தப்பாவும் வேலை பார்த்தார். அந்த வேலையை அப்பாதான் சூப்பர்வைசரிடம் நடையாய் நடந்து வாங்கிக் கொடுத்திருந்தார். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்த சித்தப்பா, தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல், இனி மில்லுக்குப் போகப்போவதில்லை, சும்மா கிடக்கும் தோட்டத்தில் காய்கறி போடப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். அப்பா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு பேசியபோது ஒரு நிபந்தனையோடு பேசினார். தீபாவளிக்குள் அந்த மண்ணை வைத்து இரண்டு பேர் பிழைக்க முடியும் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் வாயைத் திறக்காமல் மில்லுக்குத் திரும்ப வேண்டும். சித்தப்பா சரி என்றார். எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் நடந்த பேச்சுதான் இது. நானும் அங்கேதான் இருந்தேன். முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன்.

தோட்டத்தில் வெண்டை, கத்தரி, சீனி அவரை, தண்டுக்கீரை எல்லாம் பாத்தி பாத்தியாக நின்றன. வெண்டைக்காயைப் பறித்ததும் பச்சையாகவே தின்பேன். தின்றால் கணக்கு வரும் என்று சித்தி சொல்லியிருந்தாள். காலையில் பறித்தது பத்து மணிக்கு அடுப்பில் இருக்கும், பன்னிரண்டு மணிக்கு என் வயிற்றில் இருக்கும். வீட்டில் கத்தரிக்காயைக் கண்டால் ஓடுகிற நான், அங்கே சித்தி வைத்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்புக்கு இரண்டு தடவை சோறு கேட்டேன். அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே என்று சித்தியிடம் கேட்டுக்கொண்டேன்.

ஆனால் தோட்டத்துக்கு ராஜா புடலம்பந்தல்தான். சவுக்குக் கம்புகளை நட்டு, மேலே கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருந்தார் சித்தப்பா. கல்தூண்தான் நட வேண்டும், ஐப்பசி மழைக்குச் சவுக்கு தாங்காது என்று அப்பா படித்துப் படித்துச் சொன்னார். கல்தூணுக்குச் சித்தப்பாவிடம் வழி இல்லை. பந்தலுக்கு அடியில் போனால் வெயிலே தெரியாது. சாயங்காலம் நூல் நூலாகப் பிரிந்த வெள்ளைப் பூக்கள் விரியும். என் தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான காய்கள் பச்சைப் பாம்புகள் மாதிரி தொங்கும். ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் வாழைநாரில் ஒரு சின்னக் கல் கட்டியிருந்தது.

எதற்கு என்று கேட்டேன். கல்லைக் கட்டாவிட்டால் காய் சுருண்டு வளைந்துவிடும், கட்டினால் நேராக, நீளமாக வளரும் என்றார் சித்தப்பா. எனக்குள் ஏதோ ஒன்று பளிச்சென்றது. மனிதர்களுக்கும் அப்படி வளருமா என்று கேட்டேன். வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டிருந்த சித்தப்பா துப்பிவிட்டுச் சொன்னார்:

"ஏன் வளராது? ஒரு மூணு நா தொங்கிப் பாரு. பொறவு ஒங்கப்பாவே ஒன்ன அண்ணாந்துதான் பாக்கணும்."

சொல்லிவிட்டு அவர் மோட்டார் போடப் போய்விட்டார். அவர் அதை அப்போதே மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

முதல் நாள் மத்தியானம், சித்தி கொஞ்சம் கண்ணயர்ந்த நேரத்தில் வேலையைத் தொடங்கினேன். வெங்காயம் வாங்கி வந்த வலைப் பைகள் இரண்டில் கல்லைப் போட்டு, கணுக்காலுக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டேன். பந்தலுக்குக் கீழே கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி, ஓரத்துக் கம்பி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். எண்பது எண்ணுவதற்குள் கை எரிந்தது. இறங்கி, கரித்துண்டால் மோட்டார் ரூம் சுவரில் உயரத்தைக் குறித்தேன். இரண்டாம் நாள் நூறு எண்ணினேன். சுவரில் பார்த்தால் ஒரு விரற்கடை வளர்ந்திருந்தேன். முதல் நாள் வெறுங்காலோடும் இரண்டாம் நாள் செருப்போடும் நின்றேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சித்தியைப் பார்த்து, எனக்குப் பாவாடை குட்டையாகிவிட்டதாகத் தோன்றவில்லையா என்று கேட்டேன். சித்தி குழம்பிப்போய்ப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மறுநாள் புரட்டாசிச் சனி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பாதி வீடுகளில் கறி மீன் கிடையாது; கோயிலுக்கு வருகிற கூட்டமும் சேர்ந்துகொள்ளும். காய்க்கு நல்ல கிராக்கி இருக்கும் என்று, மார்க்கெட்டில் ஒரு கடைக்காரரிடம் சித்தப்பா முன்னமே பேசி வைத்திருந்தார். அன்று சாயங்காலம் பறிப்பதாக ஏற்பாடு. முந்தின நாள் நல்ல மழை. மண் சொதசொதவென்று இருந்தது. நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. கடைசி நாள் ஆயிற்றே என்று பைகளில் கல்லோடு தலா அரைச் செங்கலும் சேர்த்துக் கட்டினேன். போதாதற்கு, தொங்கிக்கொண்டே முன்னும் பின்னும் ஆடினால் இன்னும் சீக்கிரம் நீளுவேன் என்று ஆடவும் செய்தேன்.

நாற்பத்தாறு எண்ணும்போது மூலைக் கம்பு முனகியது. பிறகு பந்தல் படுத்தது. படாரென்று விழவில்லை. யானை காலை மடக்கி உட்காருகிற மாதிரி, அந்த மூலையில் தொடங்கி ஒவ்வொரு கம்பாகச் சாய்ந்து, முக்கால்வாசிப் பந்தலும் மெதுவாக என் மேல் இறங்கியது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. கூடைக்குப் பக்கத்தில் இலைக்கும் காய்க்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். புடலை இலையின் காட்டமான வாசனை மூக்கை அடைத்தது. காதோரம் ஒரு தேனீ சுற்றியது. அப்போதுதான் அழலாம் என்று தோன்றியது.

சித்தப்பா கொடியைப் பிய்த்துக்கொண்டு ஓடிவந்தார். என் பெயரைத் தவிர வேறு எதுவும் அவர் வாயில் வரவில்லை. என்னை வெளியே இழுத்து, தலை, கை, விரல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவர் காலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். வலைப் பையைப் பார்த்தார். செங்கலைப் பார்த்தார். அண்ணாந்து, பந்தல் இருந்த இடத்தில் தெரிந்த வானத்தைப் பார்த்தார். பிறகு அப்படியே சேற்றில் குந்தி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சித்தி வந்து அவர் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

"சின்னப் புள்ளகிட்ட என்னத்தச் சொல்லி வச்சிய? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா இவ அப்பா அம்மாவுக்கு என்ன பதில் சொல்லுவிய?" என்றாள். சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் காலில் இருந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து கைகொடுத்தார். தண்டு ஒடியாத கொடிகளை மூவரும் சேர்த்து நிமிர்த்திக் கட்டினார்கள். மீதியில் இருந்த காய்களை அறுத்துக் குவித்தபோது மூன்று சாக்கு வந்தது. முற்றியும் முற்றாமலும், கீறலும் காயமுமாக இருந்த அவற்றை மார்க்கெட்டுக் கடைக்காரர் எடுக்கமாட்டார் என்று போனிலேயே தெரிந்துவிட்டது. வைத்திருந்தால் வாடிவிடும். சித்தப்பா டிவிஎஸ் பிப்டியில் சாக்குகளைக் கட்டி, என்னையும் முன்னால் நிற்க வைத்து, நேரே ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு விட்டார். சித்தி பஸ்ஸில் வந்து சேர்ந்தாள்.

அம்மா மூன்று சாக்கையும் பார்த்துவிட்டு, என்னைத் தெருவுக்குள் அனுப்பினாள். வீட்டுக்கு நாலு காய் என்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அக்கா "பொட்லகாயா!" என்று சொல்லி வாங்கி, ஒரு பிஞ்சை நகத்தால் கீறி, அதில் துளிர்த்த தண்ணீரை எனக்குக் காட்டினார். விளக்கு வைக்கும் நேரத்தில் தெரு முழுவதும் ஒரே தாளிப்பு வாசனை. ஒரு வீட்டில் தேங்காய்ப் பூ போட்டுப் பொரியல், ஒரு வீட்டில் பாசிப்பருப்புக் கூட்டு, எதிர்வீட்டில் நல்லெண்ணெயில் காரமாக வறுவல். எல்லா வீட்டிலிருந்தும் எங்களுக்கு ஒரு கிண்ணம் வந்தது. எனக்கு அது ஒரு திருவிழா மாதிரியே இருந்தது. நடந்ததற்குக் காரணம் நான்தான் என்பதைக்கூட நடுநடுவே மறந்துபோனேன்.

அப்பா ஏழரை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார். சித்தப்பாவும் நானும் பக்கத்தில். அப்பா கூட்டைப் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு, பந்தல் எப்படி விழுந்தது என்று கேட்டார். பரிமாறிக்கொண்டிருந்த சித்தியின் கை நின்றது. நான் தட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"கம்ப ஆழமா நடலண்ணே. நீங்க சொன்ன மாதிரி கல்லுத்தூணுதான் நட்டுருக்கணும். என் தப்புதான்," என்றார் சித்தப்பா.

அப்பா ஒன்றும் திட்டவில்லை. இன்னொரு வாய் வைத்துவிட்டு, சூப்பர்வைசர் இப்போதும் உன்னை விசாரிக்கிறார், தீபாவளி கழித்து வந்து பார் என்று மட்டும் சொன்னார். சித்தப்பா தலையை ஆட்டினார். சித்தி கரண்டியோடு அடுப்படிக்குள் போனவள் திரும்பி வரவில்லை. எனக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. இன்னும் கொஞ்சம் கூட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது நல்லபடியாகத்தான் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே எதிர்வீட்டு அக்கா வந்து, அந்தக் காய் மறுபடி எப்போது வரும் என்று அம்மாவிடம் கேட்டார். திங்கட்கிழமை இன்னும் ஆறு வீட்டிலிருந்து கேட்டார்கள். பறித்த அன்றே சமைத்த காயைத் தின்றுவிட்டுக் கடைக்காய் இறங்கவில்லை என்றார்கள். புதன்கிழமை சித்தப்பா வெண்டையும் கத்தரியும் கீரையும் கொண்டுவந்தார். அரை மணி நேரத்தில் சாக்கு காலி. வாரம் இரண்டு நாள் வந்தது மூன்று நாள் ஆயிற்று, பக்கத்துத் தெருவும் சேர்ந்தது. தீபாவளி வந்தது, போனது. மில்லைப் பற்றி அப்பா கேட்கவில்லை. கார்த்திகையில் ஒருநாள் அவரே ஒரு டிராக்டரில் நாலு கல்தூணை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போய் இறக்கினார். சித்தப்பா இன்றும் அங்கேதான் காய் போடுகிறார்.

ஆனால் பந்தல் விழுந்த மறுநாள், அந்தச் சனிக்கிழமை காலையில், இதில் எதுவும் யாருக்கும் தெரியாது. மிச்சப் பந்தலைக் கட்ட வேண்டும் என்று சித்தப்பா வெள்ளனவே கிளம்பினார். லீவு இன்னும் இருந்ததால் நானும் டிவிஎஸ் பிப்டியில் தொற்றிக்கொண்டேன். மலைமேல் மேகம் படுத்திருந்தது. ஊரைத் தாண்டியதும், நான்தான் பந்தலைத் தள்ளினேன் என்று அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஏட்டி, சொன்னா ஒனக்கு அடி விழும்லா," என்றார்.

எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. இத்தனை பெரிய ஆளுக்கு இது தெரியவில்லையே என்று நினைத்தேன்.

"அப்பா ஒரு அடிதான் அடிப்பாவ, சித்தப்பா. அதுவும் மெதுவாத்தான். நீங்க சொல்லிருக்கலாம்," என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

சித்தப்பா ஒரு கையால் என் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, எனக்கு மேலாக ரோட்டைப் பார்த்து ஓட்டினார். அந்த மெதுவான ஒரு அடி என்மேல் விழாமல் இருக்க, முந்தின நாள் சாப்பாட்டின்போது அவர் தன் தோட்டத்தையே எடுத்து அப்பா முன்னால் வைத்தார் என்று விளங்க எனக்கு இன்னும் பல வருடம் ஆனது. அன்று நான் அவருக்கு முன்னால் நின்று, காற்றுக்கு வாயைத் திறந்து பாடிக்கொண்டே போனேன்.