கண்ணாடி கிள்ளியது

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். சாமியாடுகிறவர்களையே நம்பாதவள் நான். நீங்கள் இதை நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் ரஹ்மத்து மேல்தான்.

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறோம். மலையிலிருந்து ஜீப்பில் வருகிற காயைத் தரம் பிரிக்கிற வேலை. பதினெட்டு வருஷம் ரஹ்மத்து என் இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். பேசினால் சூப்பர்வைசர் கத்துவார், அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். உள்ளே விதையில்லாத பொக்கோ என்று சந்தேகம் வந்தால், காயை என் உள்ளங்கையில் வைத்து, சுண்டுவிரலுக்கு அடியில் நகத்தால் ஒரு கிள்ளு கிள்ளுவாள். ‘எனக்குச் சந்தேகமா இருக்கு, நீ பாரு’ என்று அர்த்தம். வேறு யாருக்கும் இது தெரியாது.

போன வருஷம் முதலாளி ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்தார். பெரிய செல்போன் மாதிரி இருக்கும். ஏலக்காய் படம் தெரியும், தொட்டால் தோலின் சொரசொரப்பு விரலில் படும். டெல்லி வியாபாரி அங்கே இருந்தபடியே காயைத் தடவிப் பார்க்கலாமாம். அதற்கு எங்களில் ஒருத்தி ஒயர் வைத்த கையுறையை மாட்டிக்கொண்டு பொறுக்கிக் காட்ட வேண்டும். எங்கள் விரல் அதற்குள் போய்விட்டால் அப்புறம் நாங்கள் எதற்கு? காய் பொறுக்குகிற பன்னிரண்டு பேரும் மாட்ட மாட்டோம் என்று கையடித்துச் சத்தியம் செய்தோம். முதலில் கையடித்தவள் ரஹ்மத்து.

ஒரு மாதம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரம், முதலாளி கூப்பிட்டார்.

“ஏ பேச்சி, இதத் தொட்டுத்தான் பாரேன். கடிக்காது.”

ஆள்காட்டி விரலை மட்டும் வைத்தேன். அசல் காய்தான், பொய் சொல்லக் கூடாது. நாலைந்து படம் தடவியிருப்பேன், அடுத்ததில் விரல் பட்டதும் சுண்டுவிரல் அடியில் கிள்ளியது. நம்பினால் நம்புங்கள், அதே நகம், அதே அழுத்தம்.

நேராக அவளிடம் போனேன். டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள்.

“கையக் குடுத்துட்டியாடி?”

“என்னக்கா சொல்றீக?”

“நடிக்காத. ஒன் கிள்ளு அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கு.”

“அல்லா மேல சத்தியமா நான் மாட்டலக்கா. கிறுக்குப் புடிச்சிருச்சா ஒங்களுக்கு?”

“பதினெட்டு வருசமா ஒன் கையத் தெரியும்டி எனக்கு. ஒன் வாயத்தான் தெரியாமப் போச்சு.”

சாப்பிடாமல் மூடி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் வேறு கடையில் சேர்ந்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. மற்றவர்களும் என் பேச்சைக் கேட்டு அவளோடு பேசுவதை விட்டார்கள்.

பிறகு அந்தக் கண்ணாடி செய்த கம்பெனிக்காரர் வந்தபோது, கையுறையை மாட்டினது யார் என்று கேட்டேன்.

“பேரச் சொல்லக் கூடாதும்மா. ஆனா இது கிள்ளாது. வெரல் படுற எடத்துல லேசா அதிரும், அவ்வளவுதான். தொடாத எடத்துல எப்புடிம்மா தெரியும்?” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கண்ணாடியில் வைத்தது ஆள்காட்டி விரல் ஒன்றுதான். ஆனாலும் அவள் கொடுக்கவில்லை என்றால் அந்தக் கிள்ளு எங்கிருந்து வந்தது? கொடுத்தாள் என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன்.

போன வாரம் சிலமலை பஸ்ஸில் ரஹ்மத்து ஏறினாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூன்று சீட்டு முன்னால் போய் நின்றாள். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மடியில் கிடந்த என் கையில், சுண்டுவிரல் அடியில், கிள்ளியது. சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். இரண்டு கையாலும் மேல் கம்பியைப் பிடித்திருந்தாள்.