எதிரும் புதிருமாக ஒரு நடை

பூட்டுக்காரருடையது உட்கார்ந்தே பழகிய உடம்பு. ரயில் நிலைய வாசலில், இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும் ஒரு பெட்டிக்கடை. அதற்குள் சுழலும் முக்காலி, கையெட்டும் தூரத்தில் சாவி வெட்டும் இயந்திரம், தலைக்கு மேலே கொத்துக்கொத்தாய் வெட்டாத சாவிகள். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவரைச் சர்க்கரை பிடித்துக்கொண்டது. தினமும் மாலையில் வேகமாக நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், ஊரைவிட்டே தள்ளிவைத்த மாதிரி முகம் தொங்கிப்போய் வீடு வந்து சேர்ந்தார்.

அவருடைய மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி விரிப்புகளை மடிப்பவள். அவளுக்குக் காலில் சக்கரம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்தை இருவரும் சேர்ந்து சுற்றிப் பார்த்தார்கள். அவர் பின்னாலிருந்து கூப்பிட, அவள் திரும்பித் திரும்பிப் பார்க்க, இருவருக்கும் கழுத்து வலித்ததுதான் மிச்சம். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

"நீங்க இந்தப் பக்கமாப் போங்க, நான் அந்தப் பக்கமா வர்றேன். எதிர்ல பாத்துக்காமலா போயிடுவோம்?"

பூட்டுக்காரருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அவர் போகும் பக்கத்தில், முதல் வளைவு தாண்டியதும், புதர் மறைவில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவருக்கும் டாக்டர் நடக்கச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், யார் தள்ளினாலும் நகரமாட்டார் என்பதால் நடக்க வருகிறவர்கள் அவருக்கு ஹேண்ட்பிரேக் என்று பேர் வைத்திருந்தார்கள். இருவரும் ஊர்க்கதை பேசுவார்கள். புதர் இடுக்கில் பூட்டுக்காரர் மனைவியின் ஆரஞ்சு நிறக் காலணி தெரிந்ததும் ஹேண்ட்பிரேக் குரலைத் தாழ்த்தி, "வண்டி வருது" என்பார். பூட்டுக்காரர் துள்ளி எழுந்து, கையை வீசிக்கொண்டு, வாங்காத மூச்சை வாங்கிக்கொண்டு மனைவிக்கு எதிரே போவார். அவள் தலையாட்டிவிட்டுக் கடந்து போவாள். அவள் முதுகு மறைந்ததும் இவர் பெஞ்சுக்குத் திரும்புவார். அவளை ஒருநாள்கூடக் குளத்தின் மறுபக்கத்தில் சந்தித்ததில்லையே, அது அவளுக்கு விசித்திரமாகப் படாதா என்று, மயிரிழை பிசகாமல் சாவி வெட்டுகிற அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, நடக்கிறாரா இல்லையா என்று கேட்டார். பூட்டுக்காரர் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "தவறாம நடக்கிறாரு டாக்டர். என் கண்ணால பாக்கிறேன்." அப்படியானால் மாத்திரை போதாது, இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம், குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்றார் டாக்டர். பூட்டுக்காரருக்கு ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே குலைநடுக்கம். தன்னை நம்பிச் சாட்சி சொன்னவளை ஏமாற்றிய குற்றம் வேறு உறுத்தியது.

மறுநாள் ஹேண்ட்பிரேக் நகர்ந்து இடம் கொடுத்தும் அவர் உட்காரவில்லை. பெஞ்சைத் தாண்டி, இதுவரை கால் படாத மறுபக்கத்துக்கு உண்மையாகவே நடந்தார். அங்கே நாணல் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. யாரோ பாடுகிற சத்தம் கேட்டது. மெட்டு பழைய மெட்டு. மறந்துபோன வரிகளுக்குப் பதிலாக எல்லாம் தலையணை உறையும், மேற்பார்வையாளரின் மூக்கும், கட்டில் மேல் ஈரத் துண்டைப் போடும் ஒரு புருஷனும் வந்துகொண்டிருந்தார்கள். வளைவில் ஆரஞ்சுக் காலணிகள் தெரிந்தன. பாட்டு பாதியில் அறுந்தது.

அவள் முகம் சிவந்து கேட்டாள்: "நீங்க இந்நேரம் பெஞ்சுல இல்ல இருக்கணும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. இரண்டு திருடர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. சலவைக்கூடத்துப் பழைய இயந்திரங்கள் போடும் இரைச்சலில் அவள் ஆண்டுக்கணக்காகத் தொண்டை திறந்து பாடியிருக்கிறாள். ஒருவர் காதிலும் விழுந்ததில்லை. போன வருஷம் சத்தமே இல்லாத புது இயந்திரங்கள் வந்தன. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், அவளுக்கு மட்டும் வாய் கட்டிப்போனது. வீட்டில் பாடலாமென்றால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவார். இந்த நாணல் ஓரம்தான் கிடைத்தது. அவர் பெஞ்சில் இருப்பது முதல் வாரமே தெரியும். இருந்தால்தானே இந்தப் பக்கம் வரமாட்டார் என்று விட்டுவிட்டாள். "உங்களுக்கு ஊசி வந்தா அது என்னாலதான்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் கறாராகிவிட்டாள். அவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நடந்தாள். பாட்டு நின்றுபோயிற்று. பாத்திரம் கழுவும்போது வழக்கமாக வரும் முணுமுணுப்புகூட இல்லை. சர்க்கரை இறங்குகிறதோ இல்லையோ, வீடு உப்புச் சப்பில்லாமல் போய்விட்டது. பூட்டுக்காரர் கடையில் ஒரே சாவியை இரண்டு முறை தப்பாக வெட்டினார்.

ஒரு மாலை குளத்து வாசலில் அவர் நின்றுவிட்டார். "நீ முன்னாடி போம்மா. நான் உன் பின்னாடியே, அதே பக்கமா வர்றேன். எதிர்ல வரமாட்டேன்."

"பாடினா கேக்குமே."

"சாவி மிஷின் சத்தத்துல என் காது போய் ரொம்ப நாளாச்சுன்னு நெனச்சுக்கோ."

நம்பாமல்தான் போனாள். நாணல் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு மெல்ல ஆரம்பித்தது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார். ஒரு சிக்கல்தான்: பாடப் பாட அவளுக்கு வேகம் கூடும். ஈரத் துண்டுப் புருஷன் இன்று என்ன பாடுபடுகிறான் என்று தெரிய வேண்டுமானால் இவரும் எட்டிப்போட்டாக வேண்டும். பெஞ்சைக் கடக்கையில் ஹேண்ட்பிரேக் குரல் கொடுத்தார்.

"என்ன சார், வண்டி போயிடுச்சா? இப்படி ஓடுறீங்க?"

"அப்புறம் பேசுவோம், பாட்டு முடிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே அவர் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்துப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்றார். நடக்கிறாரா என்று இந்தத் தடவையும் கேட்டார். "அது என் கண்ணுக்குத் தெரியாது டாக்டர்," என்றாள் மனைவி, "பின்னாடி மூச்சு வாங்குற சத்தம் கேக்குது."

ஈரத் துண்டு இப்போது கொடியில்தான் காய்கிறது. ஆனாலும் பாட்டில் அந்தப் புருஷன் திருந்தவில்லை. நேற்றிலிருந்து மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறான். பாட்டு நின்று அவள் காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தால், பூட்டுக்காரரும் அங்கேயே நின்று, வாழ்நாளில் வாத்தையே பார்த்திராதவரைப்போலக் குளத்து வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.