அப்புத்துரையைக் கெடுத்த படம்

அப்புத்துரையைக் கள் கெடுக்கவில்லை, சீட்டாட்டமும் கெடுக்கவில்லை. இரண்டரை மணித்தியாலப் படம் ஒன்று கெடுத்தது. அதன் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதற்கும் ஒரு மரியாதை கொடுத்ததாகிவிடும்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் ஐம்பத்து நாலில், விசுவமடுவில் எங்கள் குடியேற்றத்துக்குக் காடு வெட்டியபோது முதல் மரத்தில் விழுந்தது இந்த மயில்வாகனத்தின் கோடரிதான். இன்றைக்கு நெல்லுக் குத்துகிற மில்லும் உழவு மெசினும் எனக்கு இருக்கின்றன. ஒருவரும் தூக்கித் தந்ததில்லை. ஆம்பிளை என்றால் என்னவென்று மையால் மீசை வரைந்த சினிமாக்காரன் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

காடு வெட்ட வந்த முதல் வருடம் பெண்கள் ஒருவரும் வரவில்லை. இருபத்தாறு ஆம்பிளைகள், ஓலை வேய்ந்த ஒரு வாடி. முறை போட்டுச் சமைத்தோம். நான் வைத்த சோறும் தின்னக்கூடியதுதான், ஆனால் அப்புத்துரையின் கை வேறு. கருவாட்டுத் துண்டு ஒன்று, காட்டில் ஆய்ந்த குறிஞ்சா இலை, கொஞ்சம் புளி. அவ்வளவையும் வைத்துக்கொண்டு அவன் ஆக்கியதற்குச் சட்டியைச் சுரண்டிச் சண்டை பிடித்தோம். பிறகு முறையை விட்டு அவனையே அடுப்புக்குப் பொறுப்பாக்கினோம். இளையதம்பி என்ற ஒருவன் காய்ச்சலில் கிடந்தபோது பத்து நாளும் கஞ்சி பருக்கியது அப்புத்துரைதான். அந்த நாளில் யாரும் சிரிக்கவில்லை. பசித்த வயிற்றுக்கு ஆண் சமையல், பெண் சமையல் என்று தெரியாது.

குடும்பங்கள் வந்தன. அப்புத்துரை தண்ணீரூற்று என்ற ஊரைச் சேர்ந்த இரஞ்சிதத்தைக் கட்டினான். வயலின் நிறத்தைப் பார்த்தே தாகம் சொல்லுகிற பெண் அவள். இவனோ பசளை போட்ட அன்றைக்கே தண்ணீரைத் திறந்துவிட்டு முழுவதையும் கழுவி அனுப்பிய வித்துவான். ஆகவே அவர்கள் தாங்களாகவே பிரித்துக்கொண்டார்கள். வயல் அவளுக்கு, குசினி அடுப்பும் பிள்ளையும் இவனுக்கு. ஏழு வருடம் அந்த வீட்டில் ஒரு போகமும் பொய்க்கவில்லை.

அறுபத்திரண்டில், கோடைப் பயிரான சிறுபோகத்தின் நடுவே, கிளிநொச்சிச் சினிமாக் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தது. என்னுடைய உழவு மெசினின் இழுவைப் பெட்டியில்தான் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனேன். படித்த பெண் ஒருத்தி கார் ஓட்டுகிறாள், எதிர்த்துப் பேசுகிறாள். கதாநாயகன் கன்னத்தில் அறைகிறான். அறை வாங்கியவள் உடனே சேலை கட்டிக்கொண்டு காலில் விழுகிறாள். இதற்குச் சனம் விசில் அடித்தது. மூளையைக் கொட்டகை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் ரிக்கெற் வாங்கினார்களோ தெரியாது. இடையில் ஒரு கோமாளி வருவான். இடுப்பில் மனைவியின் சேலையைச் சுற்றிக்கொண்டு சமைப்பான், மனைவி அகப்பையால் அடிப்பாள்.

இளையதம்பி எழும்பி நின்று கத்தினான். "அட, உது எங்கட அப்புத்துரை அண்ணையெல்லே! எப்ப அண்ணை படத்திலை நடிச்சனீர்?"

கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. கஞ்சி குடித்த வாய் அப்படிச் சிரித்தது. அப்புத்துரையும் சேர்ந்து சிரித்தான். திரும்பி வரும்போது பெட்டியின் பின் மூலையில் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான்.

அடுத்த கிழமை அவன் வீட்டுப்பக்கம் போனேன். கோமாளி கதாநாயகனாகியிருந்தான். தலையில் எண்ணெய் வழிய ஒரு சுருள், உதட்டின் மேல் எலிவால் போல ஒரு மீசை.

"இனி இவ வயலுக்குப் போகமாட்டா, மயிலண்ணை. குடும்பப் பொம்பிளை சேத்துக்குள்ளை நிக்கிறது வடிவில்லை."

இரஞ்சிதம் குசினி வாசலில் புகையோடு நின்றாள். "இஞ்சேருங்கோ, நெல்லு குடலையிலை நிக்குது, கதிர் இன்னும் வெளியிலை வரேல்லை. குளத்திலையும் தண்ணி கொஞ்சம்தான். வாற வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு எங்கட தண்ணி முறை, மூண்டே மூண்டு மணித்தியாலம். அது கடைசித் தண்ணி. அதைவிட்டா மணி பிடியாது, கதிரெல்லாம் சப்பிதான். அண்டைக்கு மட்டும் நான் போறனே."

"எனக்குத் தெரியும். நீ உள்ளை போ."

"என்ன தெரியும்? சொல்லுங்கோவன்."

அவன் கையை ஓங்கினான், படத்தில் ஓங்கியது போலவே. அவள் அந்தக் கையைப் பார்த்தாளே தவிர அசையவில்லை. கை தானாகவே இறங்கித் தலைச்சுருளைத் தடவியது. அவள் என் பக்கம் திரும்பி, "அண்ணை, சோறு அடிப்பிடிச்சுப் போச்சு, இருந்து சாப்பிடச் சொல்லேலாது" என்று சொல்லி உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை என் வயலில் நின்றேன். இரண்டு மணியளவில் பார்க்கிறேன், கழிவு வாய்க்கால் கரைபுரண்டு ஓடுகிறது. குளம் வற்றிய சிறுபோகத்தில் கழிவில் தண்ணீர் ஓடினால் மேலே ஒரு மடையன் நிற்கிறான் என்று அர்த்தம். ஏறிப் போனேன். அப்புத்துரை மடித்துக் கட்டிய வேட்டியோடு வரம்பில் காலை அகட்டி நிற்கிறான். வாய்க்காலைத் திறந்துவிட்டான், அதோடு வேலை முடிந்ததென்று நினைத்துவிட்டான். தண்ணீர் வரம்பிலுள்ள நண்டுப் பொந்துகளால் கழிவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரஞ்சிதம் என்றால் முறைக்கு முதல்நாளே வரம்பை ஓரடி விடாமல் காலால் தடவிப் பார்த்து, பொந்துகளை வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்திருப்பாள்.

"ஒரு மணித்தியாலம் போச்சடா! பொந்து எங்கையெண்டு தெரியுமே?"

"தேடுறன் அண்ணை."

"நீ தேடி முடிக்க முறை முடிஞ்சிடும். போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா."

எதிர் வரம்பில் இளையதம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அப்புத்துரை அவனைப் பார்த்தான். "உவன் சிரிப்பான் அண்ணை. நீங்கள் அடைச்சு விடுங்கோவன்."

எனக்கு அடைக்கத் தெரியாமலில்லை. இந்தப் பகுதியில் என்னைப்போல வரம்பு கட்ட ஆளில்லை. ஆனால் நான் கை வைக்கவில்லை. "உவன் சிரிப்பான் எண்டு உன்ரை பிள்ளை பட்டினி கிடக்கோணுமோ? உனக்குப் பயம் அவளிலை இல்லை, ஒரு சிரிப்பிலை. போடா!"

 அப்புத்துரை மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். இளையதம்பியைத் தாண்டும்போது அவன், "என்ன கதாநாயகன், எங்கை ஓட்டம்?" என்று கேட்டான். இவன் நிற்கவில்லை.

இரஞ்சிதம் ஓடி வந்து நேரே சேற்றுக்குள் இறங்கினாள்.  காலால் தடவி நாலு பொந்து கண்டுபிடித்தாள். அவள் காட்டக் காட்ட அப்புத்துரை களியைத் தோளில் சுமந்து கொடுத்தான். மிஞ்சியது ஒன்றேகால் மணித்தியாலத் தண்ணீர். மேல்பாதி நனைந்தது. கீழே அரை ஏக்கருக்குப் போதவில்லை.

அறுவடைக்கு நாங்கள் எல்லாரும் கூடினோம். மேல்பாதி மணி பிடித்துத் தலை சாய்ந்து நின்றது. கீழ்ப்பாதி மணியில்லாத சப்பி, ஈர்க்குப்போல நிமிர்ந்து நின்றது.

இளையதம்பி அரிவாளோடு அதன் முன்னால் போய் நின்றான். "உது ஆரின்ரை வேலை? பொம்பிளையை வயலுக்கு விட்டா உப்பிடித்தான்."

இரஞ்சிதம் நிமிர்ந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் அப்புத்துரை சொன்னான். "அது என்ரை வேலை. அங்காலை தலைசாய்ஞ்சு நிக்கிறதுதான் இவவின்ரை. உமக்குச் சிரிக்கோணுமெண்டா இப்ப சிரியும், எல்லாரும் நிக்கினம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. இளையதம்பி அரிவாளின் கூர்மையைப் பார்க்கத் தொடங்கினான்.

இரஞ்சிதம் சப்பியில் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினாள். எல்லாம் பறந்து போயிற்று. "உதை வெட்டி நேரத்தை வீணாக்காதையுங்கோ. மாட்டை அவிட்டு உதுக்குள்ளை மேய விடுங்கோ" என்றாள்.

அப்புத்துரை மாட்டை அவிழ்க்கப் போனான்.