சாமி படத்தடியில் நின்றுபோன கடிகாரம்

என் மேசையில் கிடக்கிற கைக்கடிகாரத்தைப் போல உலகத்தில் இன்னொன்று கிடையாது. எழுபதுகளின் கடைசியில், வேப்பமரத்தடியில் நடந்துவந்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் எழுப்ப நிதி திரட்டினார்கள். சுவிட்சர்லாந்தில் கடிகாரக் கம்பெனி வேலையிலிருந்த உள்ளூர்க்காரர், அந்த வேப்பமரத்தையே முகப்பில் வரைந்து, ஏலம் விடுவதற்கென்றே இதைச் செய்து அனுப்பினார்.

லாரி வைத்திருந்த என் பெரியப்பா, பங்காளி எடுத்துவிடக் கூடாதே என்று ஏற்றி ஏற்றிக் கேட்டு எடுத்துவிட்டார். எடுத்தவர் கையில் கட்டினாரா? கோயில் ஏலத்து எலுமிச்சம்பழத்தை வைக்கிற மாதிரி, திருநீறு பூசிச் சாமி படத்தடியில் வைத்துவிட்டார். தர்மத்துக்கு எடுத்த பொருளாயிற்றே! இரண்டொரு நாளில் நின்றுபோயிற்று.

வந்ததே கோபம்! பையில் வைத்தால் விழுந்துவிடும் என்று கையில் கட்டிக்கொண்டு, லாரி ஆபீசில் புக்கிங் பார்த்த என்னையும் இழுத்துக்கொண்டு, கட்டடக் கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போனார்.

“ஏனுங்க, ஓடாத கடியாரத்த என் தலையில கட்டிப்போட்டீங்களே! இந்த ஏலம் செல்லாதுங்க!” என்று கையை வீசி வீசிக் கத்தினார்.

தலைவர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். “நல்லாத்தான ஓடுதுங்க?”

ஓடியது. வீட்டுக்கு வந்து சாமி முன் வைத்தால் மறுபடி நின்றது. சண்டைக்குப் போனால் மறுபடி ஓடியது. ஏலத்தில் வாய்விட்டவர் இப்போது பின்வாங்கப் பார்க்கிறார் என்று ஊர் சிரித்தது. வழக்குத் தீராமல், ஏலப் பணம் வந்துசேராமல் கூரை வேலையும் நின்றது. மானஸ்தரான பெரியப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் பெரியம்மாதான் கண்டுபிடித்தார். “நீங்க கைய ஆட்டுனா ஓடுது, சும்மா வெச்சா நிக்குது. இத சாமிகிட்ட வெச்சுக் கும்புடக் கூடாதுங்க, கையில கட்டோணும்.”

கையசைவிலேயே முடுக்கிக்கொள்கிற ஆட்டோமேட்டிக் கடிகாரம் அது; பெரியப்பா எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். கமிட்டியிடம் மட்டும், “சாமி சரி பண்ணிருச்சுங்க” என்று சொல்லிவிட்டார். கூரை ஏறியது. அன்று கட்டிய கடிகாரத்தை அவர் கழற்றவேயில்லை. டீ சொல்வதற்குக்கூடக் கையை வீசினார்.

எண்பதுகளின் நடுவில் அவர் இறந்தபோது நான்தான் கழற்றினேன். எல்லாம் முடிந்து வந்து பார்த்தால், இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா வாங்கிக் காதில் வைத்தார். “இன்னும் சண்டை முடியலையாட்ட இருக்குது, சாமி” என்று என்னைப் பார்த்துச் சிரித்தவர், சிரிப்போடே அழுதுவிட்டார். மறுநாள் நின்றுவிட்டது.

எனக்குக் கையை ஆட்டிப் பேச வராது. அதனால் மேசையில் சும்மாதான் கிடக்கிறது. அவர் நினைப்பு வந்தால் மட்டும், கதவைச் சாத்திவிட்டு அதை எடுத்துக் கட்டிக்கொண்டு, “ஏனுங்க!” என்று கையை வீசுகிறேன். ஓடத் தொடங்கிவிடுகிறது.