குவியலுக்குக் கோலம் போட்டவள்

போன வாரம் பேத்தி தன் கல்லூரி ஆய்வகச் சோதனையைக் கைபேசியில் காட்டினாள். ஒரு கருவி தானே வெப்பநிலையை அளந்து, தானே கணினியில் எழுதிக்கொள்கிறதாம். "நீ என்னடி செய்வ?" என்றேன். "கேன்டீன் போவேன் பாட்டி" என்றாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என் கருவி வெள்ளிக்கிழமையானால் தலைக்குக் குளித்து, மல்லிகை வைத்துக்கொண்டு வரும். அதன் பெயர் அஞ்சலை.

அறுபதுகளின் நடுவில் நான் பக்கத்து ஊர்க் கலைக்கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. என் கணவருக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை, அதனால் வீடு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கும் பொது அறிவியல் என்று வாரம் இரண்டு வகுப்பு எடுக்க வேண்டும். "மேடம், வெப்பம்னா என்ன?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் கொட்டாவி விடுவார்கள். எனக்கோ சொந்தமாக ஒரு ஆராய்ச்சி செய்துவிட வேண்டும் என்று ஆசை. துறைத்தலைவர், "சமையலறை வெச்சிருக்கிற அம்மாவுக்கு ஆராய்ச்சி எதுக்கு?" என்று ஒரு நாள் பல் தெரியக் கேட்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஆண்டுவிழா மலர் வருவதற்குள் ஒரு கட்டுரை எழுதியே தீருவது.

பழுப்பு நிலக்கரியைக் குவித்து வைத்தால் தானாகச் சூடேறும், சமயத்தில் தீயும் பிடிக்கும் என்று சுரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏன், எப்போது என்பதைத்தான் நான் அளக்க நினைத்தேன். அனுமதி வாங்கி ஒரு வண்டி கரி கொண்டுவந்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, கொல்லையில் குவித்தேன். நடுவில் ஒரு இரும்புக் குழாய், அதற்குள் வெப்பமானி. ஈரம் பட்ட மரப்பட்டைபோல் ஒரு வாசனை அந்தக் கரிக்கு உண்டு. இப்போதும் மூக்கில் நிற்கிறது.

ஆனால் நான் ஏழு மணி பஸ்ஸில் போய்விட்டால் யார் அளப்பது? வேலிக்கு அந்தப் பக்கத்து அஞ்சலையும், எதிர்வீட்டு மதுரைக்காரி சரோஜாவும் முன்வந்தார்கள். சுரங்கத்தில் புருஷன்மார் செய்வதைப் பார்த்துப் பார்த்து, இவர்களும் ஷிப்ட் பிரித்துக்கொண்டார்கள். அளவு எழுதும் நோட்டை அடுத்தவளிடம் ஒப்படைக்காமல் ஒருத்தி நகர மாட்டாள். "ரிலீவர் வரல, நான் எப்டிங்க போறது?" என்று அஞ்சலை அடுப்பில் சோறு குழைய உட்கார்ந்திருந்த நாளும் உண்டு.

பன்னிரண்டு நாள் ஒழுங்காகப் போனது. பதின்மூன்றாம் நாள் மாலை வந்து நோட்டைத் திறந்தேன். கோணல் எழுத்தில் இருந்தது: "காலை எட்டு மணி. நாப்பத்தி ஒண்ணு. தண்ணி தெளிச்சேன். கோலம் போட்டேன்."

எட்டிப் பார்த்தேன். குவியலைச் சுற்றி அழகான எட்டுப்புள்ளிக் கோலம். எனக்குத் தலையில் இடி விழுந்தது.

"அஞ்சலை! அறிவிருக்கா உனக்கு? பன்னெண்டு நாள் வேலை பாழாப் போச்சே! மழை வந்தா தார்ப்பாய் போடுன்னு சொன்னேன்ல?"

"வெள்ளிக்கெழம, கரித்தூளு பறந்துகினு இருந்திச்சிங்க, அதான் குவியல் மேலயும் தெளிச்சேன். மழைன்னுதான சொன்னீங்க டீச்சரம்மா. தெளிக்கறது மழையாங்க?"

சரோஜா வேறு தலையில் அடித்துக்கொண்டாள். "நான் அப்பவே சொன்னேன்டி, எழுதாத, அவகளுக்குத் தெரியவா போகுதுன்னு."

"சொரங்கத்து ரிஜிஸ்டர்ல பொய் எழுதுனா ஆளு சாவும்னு எங்க வூட்டுக்காரு சொல்லுவாரு" என்றாள் அஞ்சலை. கண் கலங்கிவிட்டது. வேலி இடுக்கில் நுழைந்து போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. வீம்புக்கு என்னிடம் பஞ்சமே கிடையாது.

அன்று மாலை ஷிப்ட் முடிந்து வந்த கணவர் நோட்டைப் புரட்டினார். "ஒரு வரி படிச்சிட்டா சண்டை போட்டே? கீழ படி."

படித்தேன். பதினோரு மணிக்கு நாற்பத்து நான்கு. இரண்டு மணிக்கு நாற்பத்து ஏழு. பன்னிரண்டு நாளில் ஏறாத சூடு ஒரே பகலில் ஏறியிருந்தது! தண்ணீர் பட்டால் ஆறிவிடும் என்றுதானே நினைத்திருந்தேன்? காய்ந்த கரி தண்ணீரைக் குடிக்கும்போதே சூட்டைக் கக்குகிறது. அவள் அந்த ஒரு வரியை மறைத்திருந்தால், வெப்பமானிதான் பழுது என்று அதைத் தூக்கிப்போட்டிருப்பேன்.

செருப்புகூடப் போடாமல் வேலி தாண்டி ஓடினேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் பதறி எழுந்தாள். "இன்னாங்க, எரிஞ்சி பூடுச்சா?" அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

அப்புறம் நான்கு குவியல். ஒன்றுக்குத் தண்ணீர் மட்டும், ஒன்றுக்குக் கோலம் மட்டும், ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு எதுவுமில்லை. கோலத்துக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை என்று இயற்பியல்படி நிரூபித்த ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். அஞ்சலைக்கு மட்டும் அந்த முடிவில் திருப்தியில்லை. வரலாற்றுப் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னேன், ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை. கட்டுரை மலரில் வந்தது. நன்றி சொன்ன இடத்தில் முதல் பெயர் அஞ்சலை. துறைத்தலைவர், "இது யாரும்மா, எந்தக் காலேஜ்?" என்று கேட்டார்.

சில வருடங்களில் எங்களுக்கு மாற்றலாகிவிட்டது. பிறகு ஒருமுறை போனபோது அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டிருந்தார்கள். அவள் பிறந்த ஊரும் சுரங்கம் விரிந்ததில் அதற்குள் போய்விட்டதாம். குடும்பம் எங்கே போனதென்று சொல்ல ஆளில்லை. அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டு அவ்வளவு குதித்தேனே, திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேனா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். கேட்கவில்லை. சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். இப்போது கேட்கலாமென்றால், தாண்டிப் போக அந்த வேலி இல்லை.