திரையில்லாத கம்ப்யூட்டர்

அந்த வருடம் ஐப்பசி மழையில், அடையாறு பாலத்தை ஒட்டிய திருப்பத்தில், என் கணவரின் ஸ்கூட்டர் சறுக்கிவிட்டது. வலது கால் முறிந்தது. ஆபரேஷன், தகடு, மாவுக்கட்டு என்று காலம் போய், பொங்கலும் வந்து போனது. கட்டைப் பிரித்த டாக்டர், "வலிக்கத்தான் சார் செய்யும். நடந்தாத்தான் சரியாகும்" என்று சொல்லி அனுப்பினார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து மறுபடியும் படுத்துக்கொண்டார்.

மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள், மூன்று மாடிக் கட்டடத்தின் முதல் மாடியில் அப்போது குடியிருந்தோம். நான் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கிளார்க். அவருக்குத் தியாகராய நகரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வேலை முடிந்தபின் அங்கே நாலைந்து பேர் ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலேயே ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஆளுக்கொரு திரை முன்னால் உட்கார்ந்து, ஒரே கோட்டைக்குள் ஓடி ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வது. அதை ஆடிவிட்டுத் தாமதமாக வருவதற்காக அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்க்கும்போது, எவ்வளவு தாமதமாக வந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் எங்கள் கட்டடத்திலேயே மூன்றாவது மாடியில் தனியாகக் குடியிருந்தார். ராயபுரத்துக்காரர். ஒருநாள் இவரைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடம் சொன்னார்.

"அண்ணி, மச்சி ஆபீசுக்கு வர முடியலன்னா இன்னா? ஆபீச இங்க கொண்ணாந்துடலாம்."

அவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு ஒயர். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற மூன்று பேரும் தங்கள் கம்ப்யூட்டரை ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அவ்வளவுதான் திட்டம்.

முதல் ஞாயிறு, இன்னும் ஒயர் இழுக்காததால், மூன்றாவது மாடிக்காரரும் தன் கம்ப்யூட்டரைக் கீழே கொண்டுவந்து, ஆபீஸ் கேபிளைக் கடன் வாங்கி ஆடிப் பார்த்தார்கள்; சரிப்படவில்லை. இப்படிப்பட்ட விளையாட்டில் யார் எங்கே நிற்கிறார்கள், யார் யாரைச் சுட்டார்கள் என்ற கணக்கை ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் சர்வர். அன்று என் கணவரின் கம்ப்யூட்டரே அந்த வேலையையும் செய்தது, அவர் ஆட்டத்தையும் காட்டியது. ஐந்து பேர் சேர்ந்ததும் திணறி நின்றுவிட்டது. அது நின்றதும் எல்லோருடைய திரையும் உறைந்தது. இந்த வேலைக்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்று முடிவாயிற்று.

வாங்கிவர, கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும். இவரால் முடியாது. மூன்றாவது மாடிக்காரருக்கு அந்தச் சனிக்கிழமை வேலை. நானே போகிறேன் என்றேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று படுத்தபடியே சொன்னார். திரையில் படம் காட்டும் டிஸ்ப்ளே கார்டு இருப்பதிலேயே நல்லதாக வேண்டும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அன்றைக்கென்று கோயிலில் அறுபத்துமூவர் திருவிழா. மாட வீதிப் பக்கம் ஒரு வண்டி நகரவில்லை. நீர்மோர்ப் பந்தல்களைத் தாண்டி ராயப்பேட்டை வரை நடந்துபோய்த்தான் ஆட்டோ பிடித்தேன்.

கடைக்காரர் ஒரு நல்ல டிஸ்ப்ளே கார்டை எடுத்துக் காட்டிவிட்டு, "யாரு மேடம் உக்காந்து ஆடப்போறது?" என்று கேட்டார்.

"இதுலயா? யாரும் இல்ல. இது பாட்டுக்கு ஓரமா ஓடிட்டிருக்கும். மானிட்டர்கூட வேணாம்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னதே என் காதில் விழுந்தது. கார்டை அங்கேயே வைக்கச் சொல்லிவிட்டு, பக்கத்துப் பெட்டிக்கடையில் மாட்டியிருந்த காயின் போனிலிருந்து வீட்டுக்குப் பேசினேன். போன் படுக்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"என்ன, கெடைக்கலையா?"

"கெடைச்சுது. ஒரு சந்தேகம். மானிட்டர் வேணாம்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. மொதல்ல ஒரு தடவை என்னோடத மாட்டி எல்லாத்தையும் ஏத்திட்டு கழட்டிடலாம்."

"அப்புறம் இதுல படம் யார் பாப்பாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க. அது சர்வர்."

"யாரும் பாக்காத மிஷினுக்கு எதுக்குங்க அவ்வளவு நல்ல டிஸ்ப்ளே கார்டு?"

லைன் போய்விட்டதோ என்று இன்னொரு காசைப் போட்டேன். பிறகு ஒரு சிரிப்பு கேட்டது. முதலில் மெதுவாக, அப்புறம் இருமல் வரும் அளவுக்கு. விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வெயிலில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றபடி, நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏதாவது பழைய கார்டு போதும்னு சொல்லு. சவுண்டு கார்டும் வேணாம். அந்தக் காசுக்கு மெமரி கூடப் போடச் சொல்லு. நெட்வொர்க் கார்டு மட்டும் நல்லதா வாங்கு" என்றார். மாதக்கணக்கில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டிருந்த மனிதர்.

மற்றதெல்லாம் நானே தேர்ந்தெடுத்தேன். கம்ப்யூட்டர்களை இணைக்க இரண்டு வழி இருந்தது. ஒரே கேபிளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு கொண்டுபோவது ஒன்று. செலவு குறைவுதான், ஆனால் நடுவில் ஓரிடத்தில் கழன்றாலும் எல்லாம் நின்றுவிடும். மற்றது ஹப் என்கிற சின்னப் பெட்டி. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அதிலிருந்து தனி ஒயர், ஒன்று கழன்றால் அது மட்டும்தான் நிற்கும். எங்கள் ஹாலில் மூன்று ஆம்பிளைகளின் ஆறு கால்களை நினைத்துப் பார்த்தேன். ஹப்பையே வாங்கினேன். எங்கள் வீட்டுச் சூட்டை நினைத்து, இரண்டாவது ஃபேன் மாட்ட இடமுள்ள பெரிய கேபினட் பெட்டியாகக் கேட்டேன். பார்க்க அவலட்சணமாக இருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள்?

மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து ஒயரை இறக்கினால் அது இரண்டாவது மாடி பால்கனியைத் தொட்டுக்கொண்டுதான் வரும். அங்கே உருது பேசும் குடும்பம். அந்த அக்காவின் வீட்டுக்காரர் ராயப்பேட்டையில் ஜரிகை வேலைக்கடை வைத்திருந்தார். படியில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். கேட்கப் போனேன்.

"கேபிள் டிவியாம்மா?" என்றார் அக்கா.

"இல்லக்கா. மாடில இருக்கற கம்ப்யூட்டரையும் எங்க வீட்டு கம்ப்யூட்டரையும் சேக்கறதுக்கு."

"சேத்து என்ன பண்ணுவாங்க?"

சொல்லக் கூச்சமாக இருந்தது. "விளையாடுவாங்கக்கா."

"சாருக்கு மனசு தெளியுமா?"

"தெளியும்னு நெனைக்கிறேன்."

"அப்ப போடச் சொல்லு. துணிக்கொடில மட்டும் படாம பாத்துக்க."

மறுநாள் காலையில் அண்ணாந்து பார்த்தேன். நாங்கள் தொங்கவிட்டிருந்த ஒயரை அவர் பால்கனிக் கம்பியோடு சேர்த்து, ஜரிகை ஓரம் வெட்டிய துணித்துண்டுகளால் வரிசையாகக் கட்டியிருந்தார். காற்றில் ஆடாமல் இருக்கட்டும் என்று. பிறகு வெள்ளையடிக்க வந்தவர்கள் அதை அறுக்கப் போனபோதும், "அது கீழ் வீட்டு சாரோடது, கைய வெக்காதீங்க" என்று தடுத்தவர் அவர்தான்.

சர்வரை ஹாலில் ஜன்னலோரம் வைத்தேன். அங்கேதான் கொஞ்சம் காற்று வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு அமர்க்களப்பட்டது. கட்டிலில் தலையணை சாய்த்து இவர், ஹாலில் மூன்று பேர், மேலே ஒருவர். எலுமிச்சை சாதமும் அப்பளமும் எவ்வளவு செய்தாலும் மிஞ்சாது.

சித்திரை வெயில் ஏறியதும் சர்வர் அடிக்கடி நின்றது. மூன்றாவது மாடிக்காரருக்கு மதிய ஷிஃப்ட். காலையில் அவரும் இவரும் மட்டும் ஆடுவார்கள். நான் அலுவலகத்தில் இருப்பேன். நின்றதும் மேலிருந்து போன் வருமாம்.

"மச்சி, சர்வர் பட்த்துக்கிச்சு. எய்ந்து போய் எய்ப்பு."

எழுப்ப வேறு ஆள் இல்லை. கட்டிலிலிருந்து ஊன்றுகோலை ஊன்றி ஹால் வரை போக வேண்டும், பட்டனைத் தட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரு மாலை நான் வீட்டுக்கு வந்தபோது ஊன்றுகோல் ஹாலில் இருந்தது, அவர் படுக்கையறையில் இருந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். "மறந்துட்டேன்" என்றார். ஊன்றுகோலை எடுக்காமலே திரும்பிப் போயிருக்கிறார்.

அவரை நடக்க வைக்கத்தான் நான் சர்வரை ஹாலில் வைத்தேன் என்று இன்றைக்கும் சொல்லுவார். காற்றுக்காகத்தான் வைத்தேன் என்றால் நம்புவதில்லை. ரொம்ப சூடானபோது கேபினட்டின் பக்கவாட்டைத் திறந்து டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்ததும் நான்தான். அதற்குப் பிறகு அது நிற்பது குறைந்தது. நல்லவேளை, அதற்குள் இவருக்கு நடக்கும் பழக்கம் வந்துவிட்டிருந்தது.

எனக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர்கள் வந்தபோது, எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்று தயங்காமல் சொன்னவள் நான் ஒருத்திதான். அடுத்த வருடமே சிஸ்டம்ஸ் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அதில்தான் இருந்தேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் இவர் மூன்றாவது மாடிக்கு ஏறிப் பார்க்க வேண்டும் என்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். நான் இரண்டு படி பின்னால். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கியது. அக்கா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். பின்னாலேயே டீ வந்தது.

டீயைக் குடித்துவிட்டு இவர் சொன்னார், "உங்களுக்கு நான் தேங்க்ஸே சொல்லலக்கா."

"எதுக்கு சார்? ஒயருக்கா?"

"ஒயருக்கும்தான்."

அக்கா சிரித்தார். "எங்க வீட்ல கேட்டுக்கிட்டே இருந்தாரு, சார் நடந்தாரா நடந்தாரான்னு. இன்னிக்கு வந்ததும் சொல்றேன்" என்றபடி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இவர் கொஞ்ச நேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு என் கையைப் பிடிக்காமல் எழுந்து, மீதிப் படிகளை ஏறத் தொடங்கினார்.